திரிகையோடு சுழன்ற திருவரலாறு

மைசூரில் வாழும் நம்மவருள் மாதேஸ்வரன் மலைக்கு ஒருமுறையேனும் சென்று வாராதார் மிகச் சிலரே ஆவர். கொள்ளேகாலம், ஹனூர் வழியாக நாம் மலை ஏறுகின்றோம். மேட்டூரிலிருந்து பாலாற்று வழியாகச் சேலத்தாரும் தருமபுரியாரும் ஏறி வருகின்றனர். அவர்களுள் பெயர் கேட்டுப் பார்ப்பின் நால்வரில் ஒருவர் மாதையன் என்பார். இன்னொருவர் மாது என்பார். உடன் வந்த அம்மையார் மாதம்மாள் என்பார். மலையைச் சூழ்ந்த கொள்ளேகாலம் பகுதி 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்ததே அன்றோ? எல்லைக்கோடு இடம் மாறியது. வழிபடுவோர் நடந்த தடம் மாறவில்லை.

இம்மலைக்குப் பெயர் தந்த பெரியாரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம். எழுதப் புகுந்தபின்தான் ஓர் உண்மை நமக்குப் புலனாயிற்று. இவர் வரலாறு ஏட்டில் வளர்ந்ததன்று, பாட்டில் வளர்ந்தது. அப்பாட்டும் அரங்கில் வளராமல், மாவு அரைக்கும் இடத்திலும், பிச்சை இடும் வாசலிலும், நடைபாதையிலும் வளர்ந்தது. ஆகவே அவர் வாழ்வைச் சொல்ல வேண்டுமாயின், அதனைப் பாடியவர்களின் அன்றாட வேலைகளையும் உடன் சொல்லியே தீரவேண்டும்.

மாதேஸ்வரர் வாழ்ந்த காலம் 15-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பாட்டுக்கோ ஆண்டுக் கணக்கில் அக்கறை இல்லை. உத்தராஜம்மை என்னும் தாயின் வயிற்றில் தோன்றினார், துறவு பூண்டார், தெற்கு நோக்கி நடந்தார் என்று அது விரைந்து சொல்லிச் செல்கின்றது. கபிலை ஆற்றங்கரையில் உள்ள சுத்தூர் மடத்தை அடைந்ததும் அதன் நடை தளர்கின்றது. ஏனெனில் அங்கேதான் மாதேஸ்வரர் திரிகையின் முன் அமர்கின்றார்.

மடத்திற்கு வந்த இளந்துறவிக்கு அங்கு இட்ட பணி வேதம் ஓதுவதன்று, மலர் பறிப்பதன்று. ராகி அரைக்கும் பணியே இடப்பட்டது. மடத்தில் உண்போர் பலர்; அரைக்க வேண்டிய ராகியோ மலைபோல் குவிந்திருந்தது. அதனை அவர் ஒருவராகவே அரைத்து முடித்த அற்புதத்தைப் பாட்டு விரித்துரைக்கின்றது. அற்புதத்தை நம்புவோர் நம்புக. நமக்கு வியப்பாவது வேறொன்று. இந்நாட்டில் வீடுதோறும் கோழி கூவுமுன் எழுந்து திரிகை சுற்றிய பெண்கள், தம் தெய்வமும் ஒருகாலத்தில் அதே கைப்பிடியைப் பற்றிச் சுற்றியதாகக் கண்டுகொண்டனர். இராகிக் களி உண்ணும் ஊர்களில் இவ்வேலையின் வருத்தம் அறியாத பெண் அக்காலத்தில் இல்லை. நாளைக்கு இரண்டு மூன்று படி அரைத்தாலன்றி வீட்டாருக்கு உணவு இல்லை. ஒருத்தி தானியம் இடுவாள். எதிரே அமர்ந்தவளும் அவளும் சேர்ந்து சுற்றுவர். கல் சுற்றும் ஒலியே சுருதி. கை திரும்பும் இடமே தாளம். முதலில் தெய்வங்களை வணங்கிப் பிறகு வீட்டுச் செய்தி, பிறந்தகத்து நினைவு, மாமியார் கொடுமை என்று பாட்டு நீண்டுகொண்டே போகும். அவ்வணக்கத்தில் இப்பக்கத்தார் மறவாமல் வைத்த பெயர்களுள் ஒன்று மாதேஸ்வரருடையது.

சுத்தூரிலிருந்து குந்தூர் மடத்திற்குச் சென்று, பின்னர் எழுபத்தேழு மலைகள் சூழ்ந்த காட்டிற்குள் அவர் புகுந்தார் என்பர். புலியே அவருக்கு ஊர்தி. சிரவணன் என்னும் கொடியவன் தேவரையெல்லாம் சிறைவைத்திருந்தான். செருப்புத் தைக்கும் ஹரளய்யா செய்து தந்த பாதரட்சையின் துணைகொண்டு அவனை மாதேஸ்வரர் அழித்தார். அரசரின் வாளை நாடாமல் ஒரு தொழிலாளியின் கைவேலையை அவர் நாடியதைப் பாடுவோர் விரும்பிப் பாடுகின்றனர்.

இவர் வரலாற்றின் பகுதிகளைக் கன்னடத்தார் 'சாலு' என்பர். வரிசை என்பது பொருள். அவற்றுள் பெண்கள் பெரிதும் விரும்பிக் கேட்பது சங்கம்மாவின் சாலு. சங்கம்மா காட்டில் வாழும் சோலிகர் குலத்துப் பெண், பிள்ளைப்பேறு இல்லாதவள். கணவன் நீலேகவுடன் தேன் எடுக்க நெடுங்காட்டிற்குப் புறப்படுகின்றான். திரும்பி வரும்வரை கற்புத் தவறமாட்டேன் என்று கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுக்கும்படி அவளிடம் கேட்கின்றான். அவள் மறுத்துவிடுகின்றாள். அவன் எவ்வளவு வற்புறுத்தியும் அவள் இசையவில்லை. சினம் கொண்ட அவன் மந்திரக் கட்டினால் அவளைத் துன்புறுத்திக் குடிசையில் அடைத்துவிட்டுத் தேனுக்குப் போய்விடுகின்றான்.

அக்குடிசைக்குப் பிச்சை கேட்டு வந்தவர் மாதேஸ்வரர். கட்டை அவிழ்த்தார், பிள்ளைவரம் கொடுத்தார். கணவன் திரும்பி வந்து ஐயுற்றான், சோதனைகள் வைத்தான், அவள் அவற்றையெல்லாம் கடந்தாள். பிறந்த இரட்டையர் காரய்யா, பில்லய்யா எனப் பெயர்பெற்று மாதேஸ்வரருக்கே தொண்டராயினர். ஐயத்திற்கு ஆளான ஒரு பெண்ணின் பக்கம் நின்றவர் என்பதனாலேயே, கணவனும் மாமியும் உறங்கும் வேளையில் திரிகைமுன் அமர்ந்த பெண்கள் இவரைத் தம்மவராகக் கொண்டனர் என்று நாம் கருதுகின்றோம். பகலில் வாய்விட்டுச் சொல்ல இயலாத எத்தனையோ செய்திகளைக் கல்லின் ஒலிக்குள் மறைத்துப் பாடிவிடலாம் அல்லவா?

மாதேஸ்வரர் வாழ்நாள் முழுதும் பிச்சை ஏற்றவர். கொடுத்தவர் வளர்ந்ததும், செருக்கினால் மறுத்த பேவினஹட்டிக் காளம்மா போன்றோர் செல்வம் இழந்ததும் பாட்டில் விரிவாக வருகின்றன. அவர் அடியாரான தேவரகுட்டர் இன்றும் ஜோலிகை என்னும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவீடாகச் சென்று ஏற்கின்றனர். வறுமையால் மட்டும் ஏற்பவர் அல்லர். தெய்வத்திற்கு நேர்ந்துகொண்ட நோன்பாக ஏற்பவர். அவர் கையில் உள்ள வெண்கலத் தாளமே கம்சாளை. கிண்ணம்போல் குழிந்த ஒன்று இடக்கையில் இருக்கும்; கயிற்றில் தொங்கும் மற்றொன்றை வலக்கையால் வீசி அதன்மேல் அடிப்பர். வீசுகம்சாளை ஆடுவோர் தலைக்குமேலும் முதுகின்பின்னும் அதனைச் சுழற்றி, தாளம் பிசகாமல் அடிப்பதைத் தசராவில் கண்டு நாம் கைதட்டுகின்றோம். ஆயின் அதன் பிறப்பிடம் மேடையன்று; வாசற்படி. முறத்தில் ராகியோடு வெளியே வரும் பெண் சற்று நின்று, சங்கம்மாவைப் பாடுங்கள் என்று கேட்கும் அந்த இடமே அதன் உண்மையான அரங்கு.

இறுதியாக மாதேஸ்வரர் இம்மலையிலேயே தங்கினார். காவிரிக்கரை ஆலம்பாடியைச் சேர்ந்த செல்வர் ஜுஞ்சேகவுடர் கோயில் எழுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆலம்பாடி மாடு என்றால் நம் தருமபுரி உழவருக்குத் தெரியும், அந்த ஆலம்பாடிதான். பேடகம்பணர் என்னும் வகுப்பினர் இன்றும் பூசை செய்கின்றனர். தீபாவளியின்போது அவ்வகுப்புச் சிறுமியர் 101 குடங்களில் காட்டோடையின் நீரைச் சுமந்து வரும் ஹாலரவி விழாவை நேரில் கண்டோர் மறவார். அமாவாசைதோறும் எண்ணெய்க் காப்பு நடைபெறும். அந்நாள்களில் நடந்து ஏறுவோர் களைப்பு ஆறப் பாடுவதும் அவர் பாட்டே.

இப்பாட்டுகளுக்கு இன்று அழிவு நேர்ந்துவிட்டதா என்று அன்பர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. இல்லை என்பதே விடை; ஆயின் அவ்விடையில் நமக்கு முழு மகிழ்ச்சியும் இல்லை. ஹெப்பணி மாதய்யா குழுவினர் பாடிய நெடும்பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சாகித்திய அகாதெமி 2001-இல் நூலாக வெளியிட்டது. ஜங்கமர் பிச்சைக்கு வருவதைச் சொல்லும் பாட்டு, 1996-இல் வந்த 'ஜனுமத ஜோடி' என்னும் திரைப்படத்தால் கருநாடகம் எங்கும் பரவியது. மாதேஸ்வரருக்கு மல்லிகை சூட்டும் மற்றொரு பாட்டு 2021-இல் ஒரு படத்தில் இடம்பெற்றபின், நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் ஒலிக்கின்றது. அவர்களுக்கு அப்பாட்டு பேருந்துப் பயணத்தோடும் தேர்வுக்குப் படித்த இரவோடும் இணைந்து நிற்கும். அதில் தவறு இல்லை. ஆனால் மாவு ஆலை வந்து திரிகை பரண் ஏறியபின், அதனோடு சேர்ந்திருந்த பாட்டுகள் நிற்க இடமின்றிப் போயின. அவற்றைத் திரைப்படம் எடுத்துக்கொள்ளவில்லை. நூலிலும் அனைத்தும் ஏறவில்லை.

கொள்ளேகாலத்திலிருந்து வந்து மைசூரில் குடியேறிய தமிழ் மூதாட்டியார் ஒருவர் நம் சங்கத்து அன்பரின் தாயார். இளமையில் அவர் தமிழும் கன்னடமும் கலந்து திரிகைப் பாட்டுப் பாடியவர் என்று கேள்வியுற்று, இம்மலருக்காக அவர் இல்லம் சென்றோம். நாற்காலியில் அமர்த்திப் பாடச் சொன்னோம். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நின்றுவிட்டார். மறந்துபோயிற்று என்று நாணத்தோடு கூறினார். எழுதுகோலை மூடிவிட்டுப் புறப்படும் வேளையில், அவர் பேத்தி பரணிலிருந்த பழைய திரிகையை இறக்கி, தூசு துடைத்து, கூடத்தில் வைத்தாள். அம்மையார் தாமே தரையில் இறங்கி அமர்ந்து, ஒரு கைப்பிடி ராகி இட்டு, கைப்பிடியைப் பற்றினார். நான்காம் சுற்றில் பாட்டுத் தொடங்கியது. சங்கம்மாவைத் தாண்டி, நாம் எங்கும் கேளாத அடிகளுக்குள் அது சென்றது. இட்ட ராகி தீர்ந்ததும் நின்றது. பேத்தி இன்னொரு கைப்பிடி அள்ளி இட்டாள்.