போட்டோவா, ஓவியமா? இரண்டையும் கையில் வைத்திருந்த நார்மன் ராக்வெல்... யார் இவர்?

விளம்பரமோ, பத்திரிகை அட்டையோ, டிசைன் செய்ய உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி: போட்டோ போடலாமா, வரையலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஓவியர் நார்மன் ராக்வெல்.

1894-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1916-ல், 22 வயசில், 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' வார இதழுக்கு முதல் அட்டை வரைந்தார். அடுத்த 47 வருஷத்தில் 300-க்கும் மேற்பட்ட அட்டைகள். நடுவில் கெல்லாக்ஸ் கார்ன்ஃபிளேக்ஸ் விளம்பரம், சாரணர் காலண்டர் என்று வேலைக்குக் குறைவே இல்லை. அப்போதெல்லாம் பத்திரிகை அட்டை என்றாலே பெரும்பாலும் ஓவியம்தான்.

கேமரா எப்படி உள்ளே வந்தது?

ஆரம்பத்தில் ஆட்களை எதிரே நிற்க வைத்துத்தான் வரைந்தார். ஆனா ஓடுற பையனை எவ்வளவு நேரம் ஓடுற மாதிரியே நிற்க வைக்க முடியும்? வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பு ஒரு நொடியில் போயிடும். அதனால் 1930-களின் நடுவில் போட்டோ பக்கம் திரும்பினார்.

கேமராவை இயக்கியது பெரும்பாலும் உதவியாளர்கள். ராக்வெல் வேலை, சினிமா டைரக்டர் மாதிரி அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை நடிக்க வைப்பது. ஒரு அட்டைக்கு எக்கச்சக்கமாகப் படம் எடுத்து, ஒன்றில் இருந்து முகம், இன்னொன்றில் இருந்து கை என்று பொறுக்கி எடுப்பார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் முழுக்க அவர் கையில் இருந்தது.

ஓவியர்கள் மத்தியில் இது ஏமாற்று வேலை என்ற பேச்சு இருந்தது. அவருக்கே உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. தேவையே இல்லாத உணர்ச்சி, ஏன்னா எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது கேமரா இல்லையே!

வேலைக்கே வந்த ஆபத்து

1950-களில் டிவி வந்தது. விளம்பரக் காசு அந்தப் பக்கம் போக, பத்திரிகைகள் போட்டோ அட்டைகளுக்கு மாறின. 'போஸ்ட்' கடைசியில் ராக்வெல்லிடம் கேட்டதெல்லாம் தலைவர்களின் உருவப்படங்கள்தான். நம்ம நேருவின் முகம்கூட 1963 ஜனவரி 19 இதழின் அட்டையில் ராக்வெல் கைவண்ணத்தில் வந்தது. அதே வருஷம் அந்தப் பத்திரிகையோடு உறவு முடிந்தது.

அடுத்து அவர் சேர்ந்தது 'லுக்' பத்திரிகையில். போட்டோக்களுக்குப் பேர் போன பத்திரிகை அது!

1960-ல் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் சேர்ந்த 6 வயது கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸை, மத்திய அரசின் காவலர்கள் சூழ்ந்து அழைத்துப் போனார்கள். அந்தக் காட்சியின் போட்டோக்கள் ஏற்கெனவே செய்திகளில் வந்துவிட்டன. அப்புறம் எதுக்கு ஓவியம்?

1964 ஜனவரியில் 'லுக்' இதழின் இரண்டு பக்கங்களில் விரிந்த அந்த ஓவியத்தைப் பார்த்தால் புரியும். நான்கு காவலர்களுக்கும் தலையே இல்லை, தோளோடு படம் முடிகிறது. தெரிகிற ஒரே முகம் வெள்ளை கவுன் போட்ட சிறுமியுடையது. பின்னால் சுவரில் இனவெறி வசவு, வீசிய தக்காளியின் கறை. வீசிய கூட்டம் படத்தில் இல்லை. படத்தைப் பார்க்கிறவர் நிற்கும் இடம்தான் அவர்கள் நின்ற இடம்.

இதற்கும் போட்டோ உதவியது. ராக்வெல் ஊரான ஸ்டாக்பிரிட்ஜைச் சேர்ந்த ஒரு சிறுமிதான் மாடல். நடக்கிற தோற்றம் கலையாமல் இருக்க, அவளுடைய காலுக்கு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

ராக்வெல் 1978 நவம்பர் 8-ல் காலமானார். 2011-ல் அந்த ஓவியம் சில மாதங்கள் வெள்ளை மாளிகையில் மாட்டப்பட்டது. அதிபர் ஒபாமாவுடன் சேர்ந்து அதைப் பார்க்க வந்தவர், அப்போது 56 வயதான ரூபி பிரிட்ஜஸ்.