கல்லூரியை முந்திய பள்ளி மாணவர்

தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி எனப் படிப்படியாக ஏறிச் செல்வதே கல்வியின் ஒழுங்கு. பெரும்பாலோர்க்கு அவ்வொழுங்கு நன்மையே செய்கிறது. ஆயினும் மேற்படிகளின் பாடத்தைக் கீழ்ப்படியில் நின்றே கற்றுத் தேறுவோர் அரிதாகத் தோன்றுவதுண்டு. அத்தகையோரைக் கல்விக்கூடங்கள் எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றன என்பதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை ஒரு பெருஞ்சான்றாகும்.

இளமையும் பள்ளியும்

இராமானுசன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் அவ்வூர்ச் சேலைக் கடையொன்றில் கணக்கராக இருந்தார், தாயார் கோமளத்தம்மாள். 1897-இல் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற சிறுவர், மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

குடும்ப வருவாய் போதாமையால், சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்த அச்சிறு வீட்டில் கல்லூரி மாணவர் இருவர் தங்கிப் படிக்க இடமளிக்கப்பட்டனர். வறுமை காரணமாக வந்த அவ்விருந்தினரே அவருக்குக் கல்லூரியின் முதல் வாயிலாயினர். அவர்கள் அறிந்திருந்த கணிதம் முழுவதையும் சிறுவர் விரைவில் கற்று முடித்தார். அதன்பின் இலோனி என்பார் எழுதிய, கல்லூரிக்குரிய கோண அளவியல் நூல் அவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதிற்குள் அந்நூலில் அவர் தேர்ச்சி பெற்றார். தாமே முயன்று கண்ட சில முடிவுகளை ஆய்லர் என்னும் அறிஞர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டறிந்திருந்தார் எனத் தெரியவந்தபோது, நாணி அத்தாள்களை வீட்டுக் கூரையில் மறைத்துவைத்தார் என்பர்.

பள்ளியும் அவர் திறனை உணர்ந்திருந்தது. ஏறத்தாழ 1,200 மாணவர்க்கும் 35 ஆசிரியர்க்கும் பொருந்துமாறு கால அட்டவணை வகுக்கும் பணியில் கணித ஆசிரியர் அவர் உதவியை நாடினார். 1904-இல் கணிதத்திற்கான இரங்கநாதராவ் பரிசை வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவருக்குக் குறைவே என அவையறியப் பாராட்டினார்.

நூற்பாவும் உரையும்

1903-ஆம் ஆண்டளவில், இராமானுசன் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோதே, நண்பர் ஒருவர் வாயிலாகக் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூல் அவருக்குக் கிட்டியது. கேம்பிரிட்ஜ்த் தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்த ஆசிரியர் ஒருவர் தொகுத்த நூல் அது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் வரிசையாக எண்ணிடப்பட்டு அதில் நிற்கின்றன. நிறுவல்கள் மிகச் சுருக்கம், பலவற்றிற்கு இல்லையெனவே சொல்லலாம்.

தமிழ் கற்றோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. உரையில்லா நூற்பாக்கள் மட்டும் கையில் கிடைத்த மாணவனின் நிலையே இராமானுசனுடையது. பிறர்க்கு வறட்சியாகத் தோன்றியிருக்கும் அந்நூல் அவருக்கு ஓயாத அழைப்பாயிற்று. ஒவ்வொரு முடிவுக்கும் தாமே வழி கண்டார். அவ்வாறு கண்ட வழியில் நூலில் இல்லாத புது முடிவுகளையும் எட்டினார். பின்னாளில் அவர் எழுதிய மூன்று குறிப்பேடுகளும் பெரும்பாலும் நிறுவல் இன்றி முடிவுகளையே தாங்கி நிற்பதற்கு இந்நூலின் நடையும் ஒரு காரணம் என அறிஞர் கருதுவர்.

கல்லூரி வாயில்

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கல்லூரிக் கணிதத்தை முன்பே கற்றவர்க்குக் கல்லூரி எளிதாக இருந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. ஆங்கிலம், வரலாறு, உடலியல் முதலிய பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. தேர்ச்சி தவறியது, உதவித்தொகை நின்றது. அத்தொகையின்றிப் படிக்க வழியில்லாத குடும்பம் அது. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் கணித இதழ்களில் வந்த கடினமான கணக்குகளை அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். ஆயினும் நோயும் பிற பாடங்களும் தடையாயின. 1907-இல் எழுதிய தேர்விலும் கணிதம் நீங்கலாகத் தோல்வியே கண்டார்.

அவரைவிட ஓராண்டு இளையவரான சி.வி. இராமன் 1904-இலேயே சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டத்தை முதன்மையாகப் பெற்றார் என்பது இங்கு எண்ணத்தக்கது. எல்லாப் பாடத்திலும் முந்தியவர்க்குக் கல்லூரி வழிவிட்டது. ஒரே பாடத்தில் எல்லாரையும் முந்தியவர்க்கு அவ்வழி அடைபட்டது. இதற்கு எந்த ஒருவரையும் பழித்தல் பொருந்தாது. விதி அனைவர்க்கும் ஒன்றாக இருந்தது. அவ்விதிக்குள் அடங்காத ஒருவர் வந்தார் என்பதே உண்மை.

பட்டமும் பயனும்

பட்டமின்றி வேலை தேடி அலைந்த ஆண்டுகளில் மனிதர்களே அவரைக் காத்தனர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவர் குறிப்பேட்டின் தகுதியை உணர்ந்தார். அப்போது நெல்லூர் ஆட்சியராயிருந்த இராமச்சந்திரராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவினார். சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியைக் கடந்து செல்லும் இருப்புப் பாதையில் உள்ள அந்நெல்லூருக்கும் இராமானுசன் வரலாற்றில் இவ்வாறு ஓரிடம் உண்டு. 1911-இல் முதற் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆர்டிக்கு மடல் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவரை ஆய்வாளராக ஏற்ற அச்செயல், முன்னைய தோல்விக்குக் கல்வி உலகம் தேடிக்கொண்ட கழுவாய் எனலாம்.

1914-இல் கடல் கடந்தார். 1916-இல் ஆய்வின் பேரில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் அளித்தது. 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் ஆனார். 1919-இல் நோயுடன் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 32.

அவருடைய மூன்று குறிப்பேடுகளுக்கும் நிறுவல்கள் கண்டு அமெரிக்க அறிஞர் புரூசு பெர்ண்ட் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். 1985-இல் தொடங்கிய அவ்வெளியீடு 1998-இல் முற்றுப்பெற்றது. உரையில்லா நூற்பாவை உண்டு வளர்ந்தவர் விட்டுச் சென்ற நூற்பாக்களுக்கு உலகம் அவ்வாறு உரை எழுதியது.

பள்ளி மாணவனுக்குக் கல்லூரி நூலைத் தந்தவர் பெரும் பதவியில் இருந்தவர் அல்லர். வீட்டில் தங்கிய மாணவர் இருவர். நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்து வந்த நண்பர் ஒருவர். இராமானுசனை நினைக்குந்தோறும் அவர்களையும் நினைத்தல் தகும்.