மணலில் போட்ட டிராயிங்



நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். இந்த வருஷம் எங்கள் குழு எடுத்த ப்ராஜெக்ட், ஒர்க் ஷாப்பில் நிற்கும் பழைய ஜீப்புக்கு முன்பக்க பம்பர் செய்வது. (ரோட்டில் ஓடும் வண்டிக்கு கிராஷ் கார்டு, புல் பார் மாட்டக்கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. எங்களுடையது காம்பவுண்டைத் தாண்டாத வண்டி, பயப்பட வேண்டாம்!)

முதல் பம்பர் ஊத்திக்கொண்டது. சேனலின் திறந்த வாயை ஒரு பட்டைத் தகட்டால் மூடி, ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒரே மூச்சாக வெல்டிங் அடித்தோம். ஆறினதும் பார்த்தால் வில்லாக வளைந்து கிடக்கிறது. அப்பா கொடுத்த என் பங்குப் பணம் அதோடு போச்சு. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பிரஸ் இல்லை, பெண்டிங் மெஷின் இல்லை, இங்கே என்னத்தைச் செய்வது என்று புலம்பிக்கொண்டு திரிந்தேன். அப்போது எங்கள் ஆசிரியர் ஒருவர் மாரிஸ் வில்க்ஸ் என்பவரைப் பற்றிப் படிக்கச் சொன்னார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வில்க்ஸ் 1904-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் நம்மைப் போலக் கஷ்டப்பட்டு மேலே வந்தவர் இல்லை. வசதியான குடும்பம். இளம் வயதிலேயே அமெரிக்கா போய் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார். 1930-ல் ரோவர் கம்பெனிக்கு வந்து தலைமை இன்ஜினீயர் ஆனார். அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் பின்னாளில் அதே கம்பெனியை நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஜெட் இன்ஜின் வேலையும் டாங்கி இன்ஜின் வேலையும் ரோவருக்கு வந்தன. அதையெல்லாம் எழுதினால் மலர் பத்தாது.

எனக்குப் பிடித்த கதை போருக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஜெயித்த நாடுதான், ஆனால் இரும்புக்கு ரேஷன்! யார் ஏற்றுமதி செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் தகடு. ரோவர் செய்துகொண்டிருந்ததோ பணக்காரர்கள் ஓட்டும் கார். சோலிஹல்லில் பெரிய ஃபேக்டரி இருக்கிறது, செய்யச் சரக்கு இல்லை.

வில்க்ஸுக்கு வேல்ஸ் பக்கத்தில் ஆங்கில்சி தீவில் நிலம் இருந்தது. அங்கே ராணுவம் கழித்துவிட்ட ஒரு அமெரிக்க ஜீப்பை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இது ஓய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான் வாங்கணும், வேறு என்ன வண்டி இருக்கிறது என்றாராம் தம்பி. அப்படியானால் அந்த வண்டியை நாமே செய்தால் என்ன? 1947-ல் ரெட் வார்ஃப் பே கடற்கரையில் ஈர மணலில் குச்சியால் அதன் உருவத்தை அண்ணனுக்கு வரைந்து காட்டினார் என்று சொல்வார்கள்.

முதல் மாதிரி வண்டியை ஜீப் சேஸிஸின் மேலேயே கட்டினார்கள். ஸ்டீயரிங் டிராக்டர் மாதிரி நடுவில்! இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டு விதமாகச் செய்யும் செலவு மிச்சம் என்று கணக்கு. அது சரிப்பட்டு வரவில்லை. கௌரவம் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அடுத்துச் செய்ததைத்தான் நாம் உட்கார்ந்து படிக்கணும். சேஸிஸை அழுத்தி எடுக்கப் பெரிய டை வேண்டும். அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே நீளவாக்கில் வெட்டிய நாலு இரும்புப் பட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெல்ட் பண்ணிப் பெட்டி மாதிரி மூடிவிட்டார்கள். நாலு பக்கமும் மூடிய பாக்ஸ், திறந்த சேனலைப் போல லேசில் முறுங்காது. குண்டும் குழியுமான இடத்தில் ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் கீழே என்று போகிற வண்டிக்கு இதுதான் உயிர். பாடிக்குப் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. போர் விமானம் கட்டுவது குறைந்ததால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதையும் கையால் வளைக்கிற மாதிரி தட்டையாகவே வடிவமைத்தார்கள். நாம் ஸ்டைல் என்று ரசிக்கிற அந்தச் சப்பை மூஞ்சி, டை இல்லாததால் வந்தது!

பம்பருக்கு வருகிறேன். முன்னால் நேராக ஒரு இரும்புப் பட்டை, துரு பிடிக்காமல் துத்தநாகப் பூச்சு. அது நேரே சேஸிஸின் இரண்டு முனைகளிலும் போல்ட்டில் உட்காருகிறது. முட்டினால் பாரம் சேஸிஸுக்குப் போகும், அலுமினிய மட்கார்டுக்குப் போகாது. நசுங்கினால் போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். நடுவில் ஒரு ஓட்டை, கை போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலுக்கு. பின்னால் தனி பம்பரே கிடையாது. சேஸிஸின் கடைசிக் குறுக்குச் சட்டமேதான் பம்பர், வண்டி இழுக்கிற கொக்கியும் அதில்தான். இதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போச்சு. நாங்கள் டிராயிங்கில் போட்ட வளைவுகளில் பாதி சும்மா அழகுக்கு.

1948 ஏப்ரல் 30-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. கொஞ்ச நாள் வண்டியை ஓட்ட, அதாவது கம்பெனி வண்டியை ஓட்ட, ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தார்கள். சீக்கிரமே ரோவரின் கார்களை விட அதிகமாக விற்றது. 1950-ல் வில்க்ஸின் குழு கேஸ் டர்பைனில் ஓடும் ஜெட்-1 என்ற காரையும் செய்து காட்டியது. 1962-ல் கம்பெனித் தலைவர் ஆனார். அடுத்த வருஷம் செப்டம்பரில், 59 வயதில், அதே ஆங்கில்சியில் காலமானார். பத்து லட்சமாவது லேண்ட் ரோவர் 1976-ல்தான் வெளிவந்தது. அவர் பார்க்கவில்லை. அந்த வழியில் வந்த கடைசி டிஃபெண்டர் 2016 ஜனவரியில் சோலிஹல்லை விட்டு இறங்கியபோதும் முன்னால் அதே நேர்ப் பட்டை பம்பர்தான்.

நாங்கள் வளைந்த பம்பரை வெட்டி, நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டோம். இந்தத் தடவை முதலில் நீளத்துக்கும் டாக் அடித்தோம். பிறகு இங்கே இரண்டு அங்குலம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம் என்று மாற்றி மாற்றி. ஒரு நாள் முழுக்க ஆனது. நூல் பிடித்துப் பார்த்தோம், நேராக நின்றது. சேஸிஸில் நாலு போல்ட், வெல்டிங் கிடையாது.

பணம் போன கதையை அப்பாவிடம் அன்று ராத்திரிதான் சொன்னேன். கண்காட்சி அன்று தலையில் துண்டோடு வந்து, பம்பரின் மேல் ஏறி நின்று பார்த்தார். ஒட்டு எங்கே என்று கேட்டார். கிரைண்டர் பிடித்த இடத்தைத் தடவிக் காட்டினேன்.