அயோத்திதாச பண்டிதரின் ஆராய்ச்சி

ஏடும் எழுத்தும் நம்மவர்க்கு உரியன அல்ல என்று பேசப்பட்ட காலத்தில், 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் காத்தவராயன் பிறந்தார். பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டினை ஆங்கிலேயர்க்கு அளித்தவர் எனப் பின்னாளில் அவரே எழுதினார். ஆசிரியர்பால் கொண்ட அன்பினால் அவர் பெயரையே ஏற்று அயோத்திதாசரானார்.

சித்த மருத்துவம் அவர்தம் தொழில். மருந்தேடுகளைப் பயின்ற அதே ஊன்றுதலோடு ஊர் வழக்கங்களையும் ஆராய்ந்தார். தீபாவளியை எள்ளின் நெய்யோடும், கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யோடும் இணைத்து, அவை பௌத்தர் விழாக்களே என விளக்கினார். இதனை மறுப்பாரும் உளர். எனினும் நம் பண்டிகைக்கு நாமே பொருள் தேடிய அத்துணிவை யான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆல்காட் துணையோடு சென்னையில் நம் பிள்ளைகட்குப் பள்ளிகள் அமைய உழைத்தார். 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை, பின்னர் 'தமிழன்' என்னும் பெயரில், 1914இல் மறையும்வரை நடத்தினார். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.