டாக்டர் சுபாஷ் முகர்ஜி
வாழ்ந்தபோது ஏளனம்; மறைந்த பின் மரியாதை

இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர், டாக்டர் சுபாஷ் முகர்ஜி. ஆனால், அவர் உயிரோடு இருந்தவரை அதை நம்புவார் இல்லை.

படிப்பு

இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஹசாரிபாக்கில், 1931-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி பிறந்தார். கல்கத்தாவில் படித்து டாக்டர் ஆனார். 1958-ல் கல்கத்தாவிலும், 1967-ல் எடின்பரோவிலும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். பிள்ளைப் பேற்றுக்குக் காரணமான ஹார்மோன்களை ஆராய்ந்தார்.

சினைப்பை

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் ஹார்மோனை அனுப்புகிறது. ரத்தம் உடம்பு முழுவதும் ஓடுகிறது. ஆனால், அந்த ஹார்மோனை ஏற்கும் 'வாங்கிகள்' உள்ள உறுப்பு மட்டுமே அதற்கு இணங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் நெடுக ஓடினாலும், மடை திறந்த வயலுக்குத்தானே பாயும்? அதுபோலத்தான் இதுவும்.

உத்தரவு கிடைத்ததும், சினைப்பையில் முட்டை வளர்கிறது. அங்குள்ள ஒரு என்சைம், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. கருப்பை தயாராகிறது.

வழக்கமாக மாதம் ஒரு முட்டைதான் முதிரும். ஊசி மூலம் ஹார்மோன் செலுத்தினால் பல முட்டைகள் கிடைக்கும். இந்த முறையை முகர்ஜி பயன்படுத்தினார்.

துர்கா பிறந்தாள்

கருக்குழாய் கெட்டுப்போனதால் பிள்ளை இல்லாத ஒரு பெண், கல்கத்தாவில் அவரிடம் வந்தார். முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டார். 5 முட்டைகள் கிடைத்தன. அவற்றை உடலுக்கு வெளியே கருவாக்கினார்.

கருவை உடனே கருப்பையில் வைக்கவில்லை. ஊசி மருந்தின் வேகம் தணியட்டும் என்று, கருவைக் கடுங்குளிரில் உறைய வைத்தார். 53 நாட்கள் கழித்துத் தாயின் கருப்பையில் சேர்த்தார். சுனித் முகர்ஜி, டாக்டர் சரோஜ் காந்தி பட்டாசார்யா இருவரும் துணை நின்றனர்.

1978 அக்டோபர் 3-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜை காலம். 'துர்கா' என்று பெயர் வைத்தனர். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாட்கள்தான் ஆகியிருந்தன.

சோகம்

மேற்கு வங்காள அரசு விசாரணைக் கமிட்டி அமைத்தது. கமிட்டியின் தலைவர் ரேடியோ பவுதிகப் பேராசிரியர்! முகர்ஜி சொன்னதை நம்ப முடியாது என்று கமிட்டி தீர்ப்பளித்தது. ஜப்பானில் இருந்து அழைப்பு வந்தது. போக அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள். கருவை ஆராய்ந்தவருக்குக் கண் இலாகாவில் என்ன வேலை?

மனம் உடைந்தார். அந்த ஆண்டு ஜூன் 19-ந் தேதி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. மனைவி நமிதா தனியானார்.

உண்மை வென்றது

1986-ல் பம்பாயில் ஒரு சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதுவே இந்தியாவின் முதல் குழந்தை என்று எல்லோரும் கருதினார்கள். அதை உருவாக்கிய குழுவில் ஒருவர், விஞ்ஞானி ஆனந்தகுமார். 1997-ல் அவர் கல்கத்தா சென்றபோது, முகர்ஜியின் குறிப்புகளைப் பார்த்தார். வரி வரியாகப் படித்தார். முகர்ஜிதான் முதல்வர் என்று பகிரங்கமாக எழுதினார். தமக்கு இருந்த பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்தார்.

ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகள் எடுப்பதும், கருவை உறைய வைப்பதும் இன்று உலகெங்கும் நடக்கின்றன. தொட்டில் கட்டும் பல வீடுகளுக்கு முகர்ஜியின் பெயர் தெரியாது. ஆனால், அவர் போட்ட பாதையில்தான் அந்தக் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள்.