ஆர்டுயினோ சிக்னல் தடுமாறுதா? 1895-லேயே வழி கண்ட ஜெகதீஷ் சந்திர போஸ்

திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1907-ல் அரசு வேலைக்காக கல்கத்தா போனது நமக்குத் தெரிந்த கதை. அதற்கு 12 வருஷம் முன்னாடியே, அதே கல்கத்தாவில் கம்பியே இல்லாமல் மணியை ஒலிக்க வைத்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். ஆர்டுயினோவில் வயர்லெஸ் மாட்யூலை மாட்டிவிட்டு, டேட்டா ஒழுங்கா வரலையேனு தலையைப் பிய்த்துக்கொள்ளும் திருச்சி மாணவர்களுக்கு இவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கு.

யார் இவர்?

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே ஒரே வேலைக்கு ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் சண்டை போடவில்லை. 3 வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, நிலுவையோடு முழுச் சம்பளமும் கொடுத்தது.

1895-ல் என்ன நடந்தது?

பொதுமக்கள் முன்னிலையில், மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணியை ஒலிக்கவும், வெடிமருந்தைப் பற்றவும் வைத்தார். அவர் ஆய்வு செய்த அலைகளின் நீளம் 5 மில்லிமீட்டர் வரை குறைந்தது. இன்று நாம் வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலின் அலைநீளமோ சுமார் 12.5 சென்டிமீட்டர்!

இரைச்சலை எப்படி அடக்கினார்?

தொல்லை வெளியே இருந்து வரவில்லை, அவருடைய சொந்தக் கருவியில் இருந்தே வந்தது. அலையை உண்டாக்கும் சுருளில் மின்சாரத்தை நிறுத்தி விடும்போதெல்லாம் காந்தப்புலம் மாறி, பக்கத்தில் இருந்த ரிசீவரைக் குழப்பியது. அதனால் சுருளை இரட்டை உலோகப் பெட்டிக்குள் வைத்தார். உள்பெட்டி தேனிரும்பு, காந்தத் தொல்லையைத் தடுக்க. ரிசீவருக்குப் போகும் கம்பிகளையும் உலோகத் தாளால் சுற்றினார். தொடர்ந்து பொறி பறக்கவிடாமல், ஒரு சோதனைக்கு ஒரே ஒரு பொறி என வைத்துக்கொண்டார்.

நமக்கு என்ன பாடம்?

பக்கத்து வீட்டு வைஃபையைத் திட்டுவதற்கு முன்னாடி, நம்ம சர்க்யூட்டைப் பாருங்க. மாட்யூலின் 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்க. ஜம்பர் ஒயர்களைச் சின்னதாக்குங்க. மோட்டார், ரிலேயை ஆன்டெனாவில் இருந்து தள்ளி வையுங்க. அப்புறமும் சரியாகலைனா, வைஃபை இல்லாத சேனலுக்கு மாறுங்க.

பிறகு?

காப்புரிமையில் போஸுக்கு ஆர்வம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் வந்தது. வயர்லெஸுக்கான நோபல் பரிசு 1909-ல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. போஸோ அதற்குள் செடிகளின் உணர்வை ஆராயப் போய்விட்டார். 1917-ல் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார்.

பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனா, இரைச்சல் எங்கிருந்து வருதுனு முதலில் நம்ம மேஜையிலேயே தேடணும் என்ற அவருடைய வழி, இன்றைக்கும் வேலை செய்யுது.