வைத்தியர் இத்தார்

வெற்றி கண்ட ஆசான்மாரைப் போற்றும் நாம், தாம் தோற்றதாகவே எண்ணிய ஒருவரை மறந்துவிடுகிறோம். பிரெஞ்சு வைத்தியர் ழான் இத்தாரையே (1774–1838) கருதுகிறேன்.

1800ஆம் ஆண்டில் அவெரோன் காட்டுப்புறத்தே அகப்பட்ட, பேச்சறியாச் சிறுவனொருவன் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டான். திருத்தவியலாத மூளைக்குறை என்றார் பேர்பெற்ற வைத்தியர் பினெல். செவிப்புலனற்றோர் கல்விச்சாலையின் இளம் வைத்தியரான இத்தார் அதனை ஏற்றாரில்லை. விக்தோர் எனப் பெயரிட்டு ஐந்தாண்டுகள் பயிற்றினார். குளிரை உணராத அவன் உடலை நாடோறும் வெந்நீராட்டி உணரச் செய்தார். பின்னர் ஆடைகளைக் கைக்கெட்ட வைத்து, தானே உடுத்தப் பழக்கினார்.

பேச்சோ வரவில்லை; இத்தார் மனஞ்சோர்ந்தார். ஆயினும் ஒரு நிகழ்ச்சியை அவரே எழுதிவைத்துள்ளார். சிறுவனைப் பராமரித்த கெரான் அம்மையாரின் கணவர் இறந்தபின்னும், உணவுமேசையை ஒழுங்குசெய்யும் விக்தோர் வழக்கம்போல் அவருக்கும் தட்டு வைத்தான். அம்மையாரின் துயரைக் கண்டதும் அதனை எடுத்துவிட்டான். மீண்டும் ஒருபோதும் வைத்தானில்லை.

இன்று அறிஞர் சிலர் விக்தோரிடம் ஓட்டிசத்தின் சாயலைக் காண்கின்றனர். இத்தாரின் முறையைச் செகான் வளர்த்தார். மொண்டிசோரி அம்மையார் உலகெங்கும் பரப்பினார். பேச்சு வாராத பிள்ளையொன்று தன் சட்டைத் தெறியைத் தானே பூட்டக் காணும்போது, இத்தார் தோற்றார் என எண்ண ஆசிரியனாகிய எனக்கு மனம் வருவதில்லை.